பாபநாசத்து வீட்டுக்கு ஈரப்பதமூட்டி வேண்டுமா?

ஈரப்பதமூட்டி என்பது தொட்டியில் ஊற்றிய நீரை நுண்ணிய திவலைகளாகவோ ஆவியாகவோ அறைக் காற்றில் கலந்துவிடும் சாதனம். கடைகளில் ஹியூமிடிஃபையர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். செல்போன் சார்ஜரில் இயங்கும் கையடக்கமான பொம்மை போன்றவையும் உண்டு. இரவு முழுவதற்கும் போதுமான நீர் கொள்ளும் பெரிய தொட்டி வைத்தவையும் உண்டு. ஏசி அறையில் படுத்தால் காலையில் தொண்டை காய்ந்திருக்கிறது, குழந்தைக்கு மூக்கடைப்பு விடவில்லை, தோல் வறண்டு அரிக்கிறது என்பவையே இதை வாங்குவோர் சொல்லும் காரணங்கள். தொல்லைகள் மெய்யானவை. ஆனால் அறைக் காற்றில் ஈரம் போதாததால்தான் அவை வருகின்றனவா என்பதைத் தீர்மானித்த பிறகே சாதனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஆறும் வாய்க்காலும் வயலும் சூழ்ந்த பாபநாசத்தில் அந்தக் கேள்விக்கு ஆண்டின் பெரும்பகுதியில் 'இல்லை' என்பதே விடை.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி செல்சியஸில் சுமார் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம், 38 டிகிரியில் 46 கிராம். வானிலை அறிக்கையில் வரும் ஈரப்பத சதவீதம், அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பதையே சொல்கிறது. காற்றில் மொத்தம் எத்தனை கிராம் நீர் இருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் குழம்புகிறார்கள்.

ஐப்பசி மழை நாள் ஒன்றில் வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீர் இருக்கும். சித்திரை பிற்பகலில் 38 டிகிரி, 45 சதவீதம் என்றால் 21 கிராம். ஒன்றில் உடுத்திய துணி காயாது. மற்றொன்றில் கொடியில் போட்ட வேட்டி சிறிது நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். இரண்டிலும் காற்று சுமக்கும் நீர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். டெல்டாவின் காற்று கோடையிலும் வெறுமையாக இருப்பதில்லை. வெப்பம் கூடும்போது அதன் கொள்ளளவு கூடுவதால் சதவீதம் இறங்குகிறது, அவ்வளவே. மாலையில் வெப்பம் தணிந்ததும் அதே காற்றின் சதவீதம் தானாகவே ஏறிவிடும். படுக்கும் நேரத்தில் சாதனம் எதையும் சேர்க்க வேண்டிய தேவை இருக்காது.

ஆண்டில் காற்று உண்மையிலேயே வறட்டுகிற காலம் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கி, சமவெளியைக் கடந்து வெப்பமும் வறட்சியுமாக வந்து சேர்கிறது. அந்த வாரங்களின் பிற்பகலில் உதடு வெடிப்பதும், கண் உறுத்துவதும், மரக்கதவு சுருங்கித் தாழ்ப்பாள் சரியாகப் பொருந்தாமல் போவதும் உண்டு. மார்கழி, தையில் தோல் வெளுத்து வெடிப்பது இன்னொரு வகை. அப்போது விடியலில் புல்லெல்லாம் பனி. காற்றின் சதவீதம் மிக உயர்ந்திருக்கும். ஆனால் வெப்பம் குறைவதால் நீராவியின் மொத்த அளவு சற்று இறங்கிவிடுகிறது, வியர்வையும் குறைகிறது, தோலின் எண்ணெய்ப் பசை வெந்நீரிலும் சோப்பிலும் போய்விடுகிறது. இதற்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுவது, எந்தச் சாதனத்தையும்விட நேரடியான மருந்து.

மீதி மாதங்களில் டெல்டா மக்களின் கவலை ஈரத்தைச் சேர்ப்பதல்ல, விரட்டுவது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு வாய்க்கால்களில் தண்ணீர் வந்ததும் வயல்கள் நீர் நிறைந்து நிற்கும்; குறுவை, சம்பா, தாளடி என்று தை வரை பசுமையும் சேறும்தான். நடுவில் வடகிழக்குப் பருவமழை. இந்த ஊர் ஈரத்தோடு எவ்வளவு காலமாகப் போராடுகிறது என்பதற்குத் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலின் நெற்களஞ்சியம் சாட்சி. 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டப்பட்டது. சுமார் 36 அடி உயரம், 3,000 கலம் கொள்ளளவு. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நெல்லை ஈரம் ஏறாமல் காப்பதுதான் இப்படியொரு கட்டடத்தின் வேலை.

இன்றும் அதே கணக்குதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மழைக்காலத்தில் 22 சதவீதம் வரை தளர்த்தும்படி மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்கும் நிலை மீண்டும் மீண்டும் வருகிறது. நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் சொல்லும் விவசாயி, கொள்முதல் நிலையத்தில் மட்டும் மானி காட்டும் எண்ணைத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80, 90 சதவீதத்தில் நிற்கும் நாட்களில் களத்தில் எவ்வளவு கிளறினாலும் நெல் சேமிப்புக்கு உகந்த 13, 14 சதவீதத்துக்கு இறங்குவதில்லை. காற்றோடு சமநிலை கண்ட இடத்தில் நின்றுவிடுகிறது. வீட்டுச் சுவரும், அலமாரியில் இருக்கும் துணியும், தோல் செருப்பும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை.

இந்த இடத்தில் ஏசியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் ஈரப்பதமூட்டி வாங்கும் எண்ணம் பெரும்பாலும் ஏசி வந்த பிறகே வருகிறது. ஏசி பிறந்ததே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த அமைப்பே இன்றைய ஏசிக்கு முன்னோடி. குளிர்ந்த சுருள் குழாயின்மீது காற்று படும்போது அதிலுள்ள ஆவி நீராகி வடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வெளியே ஏசி குழாயிலிருந்து சொட்டும் நீர் அதுதான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் அதில் சுமார் 34 கன மீட்டர் காற்று. கோடை இரவில் அதில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீர் ஆவியாக இருக்கும். ஏசி அதை 24 டிகிரிக்குக் குளிர்வித்து 50 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தினால் மீதி இருப்பது 370 கிராம் அளவில். ஆக, பாதி நீர் போய்விட்டது. ஆனாலும் ஈரப்பதம் 50 சதவீதம்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் உகந்ததாகச் சொல்வது 30 முதல் 50 சதவீதம் வரை. 60-ஐத் தாண்ட விடக் கூடாது என்கிறது. கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்காற்று ஈரத்தோடு நுழைந்துகொண்டே இருப்பதாலும், உறங்குவோரின் மூச்சும் தோலும் மணிக்குப் பல பத்து கிராம் நீரை வெளியிடுவதாலும், டெல்டாவின் ஏசி அறை 40 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. குழாயில் நீர் விடாமல் சொட்டுகிறது என்றால் அறைக்குள் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அறையில் ஈரப்பதமூட்டி வைத்தால், அதன் தொட்டியில் ஊற்றிய நீரின் பெரும்பகுதி சற்று நேரத்தில் ஏசி குழாய் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும்.

அப்படியென்றால் தொண்டை ஏன் காய்கிறது? பல வீடுகளில் ஏசியின் காற்று நேராகப் படுக்கைமீது விழுகிறது. மின்விசிறியும் சேர்ந்து சுழல்கிறது. வீசும் காற்று தோலிலும் கண்ணிலும் உள்ள ஈரத்தை விரைந்து எடுத்துச் செல்லும். அதற்கு அறை வறண்டிருக்க வேண்டியதில்லை. மூக்கடைப்பால் வாயைத் திறந்து மூச்சுவிடுவோருக்கு எந்த அறையிலும் காலையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வாமைக்கும் சளிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். 18 டிகிரிக்குக் குளிர்விக்கும் பழக்கம் இருந்தால் அதை 25, 26-க்கு ஏற்றி, காற்றின் திசையை மேல்நோக்கித் திருப்பி, வடிகட்டி வலையைக் கழுவி ஒரு வாரம் பார்ப்பதே முதல் சிகிச்சை. இதற்குச் செலவு ஏதும் இல்லை. பலருக்குத் தொல்லை இத்தோடு தீர்ந்துவிடும்.

ஏர்கூலரும் ஒருவகை ஈரப்பதமூட்டிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நனைந்த அட்டை வழியாகக் காற்றை இழுத்து, நீரை ஆவியாக்கி அதன் மூலம் குளிர்விக்கிறது. டெல்லியின் ஜூன் மாதத்தில் 42 டிகிரி, 15 சதவீதம் என்ற வறட்சியில் இப்படி 22 டிகிரி வரைகூட இறங்க இடமுண்டு. பாபநாசத்தில் 38 டிகிரி, 45 சதவீதம் என்றால் எல்லை 28 டிகிரியிலேயே நின்றுவிடும். நடைமுறையில் 30-ஐ எட்டுவதே பெரிது. அதற்கும் எதிர் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அடைத்த அறையில் கூலர் ஓடினால் சிறிது நேரத்தில் பிசுபிசுப்பே மிஞ்சும். மழைக்காலத்தில் அதைத் தண்ணீர் இல்லாமல் வெறும் விசிறியாக ஓட்டுவதே சரி.

சளிக்கும் இருமலுக்கும் ஈரக்காற்று நல்லது என்ற நம்பிக்கை ஆவி பிடிக்கும் வழக்கத்திலிருந்து வருகிறது. ஆவி பிடித்தால் மூக்கு சற்றுத் திறந்தாற்போல் இருக்கும். ஆனால் சளி விரைவில் குணமாவதற்குத் திடமான சான்று ஆய்வுகளில் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்குக் குரல்வளை வீங்கி, குரைப்பது போல வரும் இருமலுக்கு ஈரக்காற்று கொடுப்பது பல நாடுகளில் மருத்துவமனை வழக்கமாகவே இருந்தது. 2006-இல் வெளியான டொரோண்டோ ஆய்வில் 100 சதவீத ஈரக்காற்று பெற்ற குழந்தைகளுக்கும் குறைந்த ஈரக்காற்று பெற்றவர்களுக்கும் குணமடைவதில் வேறுபாடு தெரியவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகளையும் நினைத்தால், கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு என்றால் மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டே பாதுகாப்பானது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தரும் நெபுலைசர் வேறு. அது மருந்தைச் செலுத்தும் கருவி. அதற்கு மாற்றாக ஈரப்பதமூட்டியை வைப்பது ஆபத்து.

ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள வீட்டில் கூடுதல் ஈரம் நேரடியாகவே கெடுதல். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சித்தான் வாழ்கிறது. 50 சதவீதத்துக்குக் கீழ் நீண்ட நாள் இருந்தால் அது காய்ந்து சாகும். 70-ஐ ஒட்டினால் பெருகும். சுவரின் மேற்பரப்பில் 80 சதவீதம் பல நாள் நீடித்தால் பூஞ்சாணம் பிடிக்கிறது. ஓதம் ஏறிய சுவரும், பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியும், ஐப்பசியில் இடுப்பு வாரில் படரும் வெள்ளைப் பூசணமும் உள்ள வீட்டுக்கு வேண்டியது வேறு வகை உதவி: சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே கையகல இடைவெளி, ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போடாமை, ஏசியில் உலர் நிலை. முற்றம் வைத்த ஓட்டு வீடும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விட்டன. நாலு பக்கமும் சிமெண்ட் பூசி, கண்ணாடி ஜன்னலை அடைத்த வீடு அதை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அங்கே ஈரத்தைச் சேர்ப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அளந்து பார்ப்பதே வழி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி போதும். அதன் எண்ணை நம்பலாமா என்று சோதிக்கக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பை வைத்து, கரையாத அளவு சில சொட்டு நீர் விட்டுச் சேறாக்கி, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி இரவு முழுவதும் வைத்தால், மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். உப்புச் சேற்றின் மேலுள்ள காற்று அந்த அளவிலேயே நிலைத்து நிற்கும் என்பது இயற்பியல். அடுக்களையில் உப்பு ஜாடியும் இதே செய்தியைச் சொல்கிறது: தூய உப்பு, காற்று 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீர்விடத் தொடங்கும். வேதாரண்யத்துக் கல்லுப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருந்தால் அதற்கு முன்பே கசியும். ஜாடி கசிகிற வீட்டுக்கு ஈரப்பதமூட்டி வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். மானியைப் படுக்கையறையில், ஏசி காற்று நேரே படாத இடத்தில், இரவும் விடியலும் என்று இரண்டு வாரம் பார்க்க வேண்டும். தொடர்ந்து 35-க்குக் கீழே காட்டினால் சாதனம் பற்றி யோசிக்கலாம். 40-க்கும் 60-க்கும் இடையே நின்றால் தொல்லைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சாதனம் உண்மையிலேயே தேவைப்படுவது இந்த ஊர்ப் பிள்ளைகள் குடியேறிய குளிர்நாடுகளில். டொரோண்டோவில் வெளியே மைனஸ் 10 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் 2 கிராம் நீர்கூட இல்லை. அதையே வீட்டுக்குள் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூக்கில் ரத்தம் கசிவதும், தொட்ட இடமெல்லாம் நிலைமின்சாரம் சுள்ளென்று அடிப்பதும் அங்கே அன்றாடம். தஞ்சாவூரிலிருந்து எடுத்துப்போன பலாமர வீணை அந்த வறட்சியில் வெடிக்கக்கூடும். மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறும். அங்கே அளந்து 30, 40 சதவீதத்தில் வைப்பது நல்லது; அதற்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து மரச்சட்டம் அழுகும். மகன் வீட்டில் பார்த்துப் பழகிய பெற்றோர் ஊருக்குத் திரும்பியதும் அதே சாதனத்தை இங்கே வாங்குவது இயல்பு. அங்கே பொருந்திய காரணம் இங்கே இல்லை.

தேவை என்று முடிவு செய்தவர்கள் வகையை அறிந்து வாங்க வேண்டும். மீயொலி அதிர்வால் புகை போலத் திவலை விடுபவை மலிவானவை, சத்தமில்லாதவை. ஆனால் நீரில் கரைந்துள்ள உப்புகளையும் கிருமிகளையும் சேர்த்தே காற்றில் விடுகின்றன. லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பு உள்ள போர் தண்ணீர் 3 லிட்டர் ஊற்றினால், ஓரிரவில் கிட்டத்தட்ட 2 கிராம் தாது அறைக் காற்றில் பறக்கும். மேசைமீது படியும் வெள்ளைத் தூசி அதுதான்; நுரையீரலுக்குள்ளும் போகும். இவற்றுக்கு வாலை வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோதான் ஊற்ற வேண்டும். நனைந்த திரி வழியாகக் காற்றை அனுப்பும் வகை தாதுக்களைத் திரியிலேயே நிறுத்திவிடும். ஆனால் திரியை அடிக்கடி மாற்ற வேண்டும். கொதிக்க வைத்து ஆவி விடும் வகையில் கிருமிப் பயம் குறைவு. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம் ஆகும், கொதிக்கும் நீர் குழந்தைகள் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

எந்த வகையானாலும் தொட்டிக்குள் கிருமிநாசினி, பினாயில், யூகலிப்டஸ் தைலம் எதையும் கலக்கக் கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் தென்கொரியா. அங்கே 1994 முதல் ஈரப்பதமூட்டித் தொட்டியில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் கடைகளில் விற்கப்பட்டன. தொட்டில் பக்கத்தில் சாதனத்தை வைத்து, சுத்தமான காற்று என்று நம்பித் தாய்மார் அதைப் பயன்படுத்தினர். 2011-இல் கர்ப்பிணிகளும் பிரசவித்த பெண்களும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு வந்து சேர்ந்தபோதுதான் உண்மை வெளியானது, விற்பனை நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களாக அரசு ஏற்றவர்கள் ஆயிரக்கணக்கில். தோலில் பட்டால் பெரிய தீங்கு செய்யாத பொருள், திவலையாகி நுரையீரலின் அடியாழத்துக்குப் போனபோது கொன்றது.

ஆகவே தொட்டிக்குள் வெறும் சுத்தமான நீர் மட்டுமே. பழைய நீரை அன்றாடம் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துப் படிந்த உப்பை நீக்கி, வாசனை போகும்வரை கழுவ வேண்டும். கைக்குள் அடங்கும் சிறிய சாதனங்களில் கை நுழையாத தொட்டி இருக்கும். சுத்தம் செய்ய முடியாத அவற்றை வாங்காதிருப்பதே மேல். மேல்காற்று ஓய்ந்து ஆவணி பிறந்ததும் திரியைக் கழற்றி, பாகங்களை வெயிலில் நன்கு உலர்த்திக் கட்டி வைக்க வேண்டும். ஈரத்தோடு பரணில் ஏற்றிய சாதனம் அடுத்த ஆனியில் முதல் நாளே பூஞ்சாணத்தை அறை முழுவதும் பரப்பும்.